காரணமில்லாத பட்டினி

டெஸ்ஸா கொலாரிக் வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. காரணம் வெகு சாதாரணமானது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எடைமேடையில் ஏறும்போது அவள் நூற்று முப்பத்தொரு பவுண்டுக்கு மேல் ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. இருந்தால் அன்றைய போட்டி கிடையாது. அவளுடைய எடைப்பிரிவில் கல்லூரிக்கு வேறு ஆளும் கிடையாது. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் மல்யுத்தம் செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, இதையெல்லாம்கூட ஒரு கேள்வியாகக் கேட்பார்களா என்று கேட்டவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் நின்றுகொண்டிருந்தது மல்யுத்தக்காரர்கள் நடுவில் இல்லை. டிமாய்ன் நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் இரண்டாவது மாடியில், கல்வர்ட்டன் உதவித்தொகையின் வரவேற்பு விருந்தில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் தட்டுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. பன்றி இறைச்சி சுற்றிய பேரீச்சம்பழம், நண்டு வடை, விரல் அளவு முட்டைப் பணியாரம், நாலு வகைப் பாலாடைக்கட்டி. ஒவ்வொரு தட்டும் அவள் மூக்குக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று, அவளை விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

கல்வர்ட்டன் உதவித்தொகை என்பது விளையாட்டிலும் படிப்பிலும் ஒரே மாதிரி கெட்டிக்காரர்களான கல்லூரி மாணவர்களுக்கு உரியது. மாநிலத்துக்கு ஒருவர். இங்கிலாந்தில் இரண்டு வருஷம், எதைப் படித்தாலும் முழுச் செலவையும் உதவித்தொகையே ஏற்கும். "உடல் வலிமையும் மன வலிமையும் ஒருங்கே அமைந்த இளைஞர்கள்" என்று கல்வர்ட்டன் துரை தன் உயிலில் எழுதிவைத்திருந்தார். விருந்துக் கூடத்துச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. அந்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருந்திருக்கும் என்று தோன்றியது.

அந்த வருஷம் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் ஆறு பேர். மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்கும் நீச்சல்காரி ஒருத்தி. மலேரியாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய தடை ஓட்டக்காரி ஒருத்தி. தத்துவம் படிக்கும் கால்பந்துக்காரன் ஒருவன். கோல்ஃப் ஆடுகிற பையன் ஒருவன். வின்ஸ்லோ தேயர் என்ற படகோட்டி. பிறகு டெஸ்ஸா. டெஸ்ஸாவைத் தவிர மற்ற ஐந்து பேரும் பத்தொன்பது வயதுக்குள் ஆளுக்கொரு தொண்டு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். அந்த ஐந்து நிறுவனங்களாலும் பயனடைந்தவர்களைக் கூட்டினால் அவற்றின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எண்ணிக்கைகூடத் தேறாது.

டெஸ்ஸாவை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் டாக்டர் காரலைன் விட்காம். டெஸ்ஸாவின் கல்லூரியில் உதவித்தொகை ஆலோசகர். மாணவர்களைப் பெரிய பரிசுகளுக்குத் தயார் செய்வதுதான் அவர் உத்தியோகம். பதினோரு வருஷமாகத் தயார் செய்கிறார், இன்னும் ஒருவரும் வாங்கவில்லை. அதனாலேயே அவருக்கு அதைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. டெஸ்ஸாவுக்காக மூன்று ஒத்திகை விருந்துகள் நடத்தினார். திராட்சைச் சாற்றை மது என்றும் உப்பு பிஸ்கட்டை நண்டு வடை என்றும் வைத்துக்கொண்டு, நூலகத்து ஊழியர்களை நடுவர்களாக நிற்கவைத்தார்.

"தட்டும் கிளாஸும் ரெண்டுமே இடது கையில. வலது கை காலியா, ஈரமில்லாம இருக்கணும். யாரு எப்ப கை குடுப்பாங்கன்னு தெரியாது" என்றார். "பேர் அட்டை வலது பக்கம் குத்திக்கோ. கை குலுக்கும்போது கண்ணு தானா அங்கதான் போகும். முக்கியமா ஏதாவது எடுத்துக்கோ. எடுக்காதவ பயந்தவ. ரெண்டு எடுத்தவ பேராசைக்காரி. ஒண்ணு. அதையும் பாதி."

"மேடம், அந்த வாரம் நான் எடை குறைக்கணும்."

விட்காம் அம்மையார் அவளை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போட்டிய ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லேன் உங்க கோச்ச."

கோச் ப்ரூகரிடம் இதைச் சொன்னபோது அவர், "இங்கிலாந்த ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லு அந்த அம்மாவ" என்றார். அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து, "விருந்துக்குப் போ, கொலாரிக். நல்லா மோப்பம் பிடிச்சிட்டு வா. வாசனைக்கு எடை கிடையாது" என்றார்.

விண்ணப்பத்தையும் விட்காம் அம்மையார்தான் செதுக்கினார். டெஸ்ஸா எழுதிக் கொடுத்தது கிணற்றுத் தண்ணீரைப் பற்றி. அவள் ஊரில் சோளக்காட்டுக்குப் போடுகிற உரம் மழையோடு இறங்கிக் கிணற்றில் கலக்கிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அப்பா வாரத்துக்கு இரண்டு முறை பதினோரு மைல் போய்க் கேனில் தண்ணீர் எடுத்துவருகிறார். வீட்டுக் கிணற்றிலேயே இறக்கிவைக்கிற மாதிரி, சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் ஒரு வடிகட்டியைச் செய்துகொண்டிருக்கிற ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் ஒன்று இருந்தது. டெஸ்ஸாவின் ஆசை அங்கே போய்ச் சேருவதுதான். அவர்கள் வரச் சொல்லிவிட்டார்கள். காசு மட்டும் தங்களிடம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கல்வர்ட்டன் கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது, அதே மாவட்டத்தில், அதே உரத்தை விற்கிற கம்பெனியில், மண் பரிசோதிக்கிற மேஜையில்.

இதில் மல்யுத்தம் எங்கே என்று கேட்டார் விட்காம். டெஸ்ஸா இரண்டு வரி எழுதினாள். அந்த இரண்டு வரியையும் அவர், "இரு உடல்களுக்கு இடையே நிகழும் மௌனமான உரையாடல்" என்று மாற்றிவிட்டார். படித்த நடுவர்களுக்கு அவள் என்ன விளையாட்டு விளையாடுகிறாள் என்பதே சந்தேகமாகப் போயிருக்கும். ஒருவர் அதை நடனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

விருந்துக்கு வருவோம். டெஸ்ஸாவின் இடது கையில் கறுப்பு நிறக் காப்பிக் கோப்பை ஒன்று இருந்தது. அதில் காப்பி இல்லை. அடியில் ஒரு காகிதக் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. வாயில் ஒரு துண்டு சூயிங்கம். ஊறுகிற எச்சிலை, யாரும் பார்க்காதபோது கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் அதில் துப்பிக்கொண்டிருந்தாள். கடைசி ஒன்றிரண்டு பவுண்டை எச்சிலாக வெளியேற்றுவது மல்யுத்தக்காரர்கள் பரம்பரையாகச் செய்கிற காரியம். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

வின்ஸ்லோ தேயர் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தாத்தா காலத்திலிருந்து காப்பீட்டுத் தொழில் செய்கிற குடும்பம். பிறந்தது அயோவா, படித்ததெல்லாம் கிழக்குக் கடற்கரை. பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சம்பளம் வாங்குவதுபோலப் பளிச்சென்று இருந்தன.

"என்ன குடிக்கிற?" என்றான்.

"ஒண்ணும் குடிக்கல."

"சாப்பிடவும் இல்ல போல."

"இல்ல."

"ஓ" என்றான் வின்ஸ்லோ. அவன் கண் ஒரு சுற்று சுற்றிவந்தது. மூன்று நடுவர்கள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தன் தட்டிலிருந்த நண்டு வடையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, ஏதோ முடிவுக்கு வந்தவனாக, தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டான்.

கார்ல் டெவ்ரீஸ் என்ற நடுவர் பேரீச்சம்பழத் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்தார். ஆறரை அடி மனிதர். பன்றிப் பண்ணையில் சம்பாதித்தவர். அன்றைய இறைச்சியும் அவர் அன்பளிப்பு.

"எடுத்துக்கோம்மா. நம்ம பண்ணைச் சரக்கு."

"வேண்டாம் சார். நன்றி."

"ஒண்ணே ஒண்ணு."

"முடியாது சார்."

டெவ்ரீஸின் முகம் தொங்கிப்போயிற்று. தட்டை வின்ஸ்லோவிடம் நீட்டினார். வின்ஸ்லோ டெஸ்ஸாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "முடியாது சார்" என்றான், அதே குரலில்.

அதற்குப் பிறகு தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. இந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு பேர் சாப்பிடவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது. தங்கள் ஆலோசகர் சொல்லித்தர மறந்துபோன ஏதோ ஒன்று. நீச்சல்காரி வாயில் வைக்கப்போன பாலாடைக்கட்டியைத் திரும்ப வைத்தாள். கால்பந்துக்காரன் இருநூற்றுப் பத்து பவுண்ட். அவன்கூடத் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கோல்ஃப் பையன் மட்டும் ஏற்கெனவே நாலு நண்டு வடையைத் தின்றிருந்தான். அவன் முகத்தில் பரீட்சைக்குத் தப்பான பாடத்தைப் படித்துவந்தவனின் கலவரம் தெரிந்தது. ஏழு மணிக்கு அந்த அறையில் நடுவர்களைத் தவிர யாரும் மெல்லவில்லை. நடுவர்களும் கூச்சப்பட்டு மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்கள்.

டெஸ்ஸாவுக்கு இதெதுவும் உறைக்கவில்லை. அவளுக்கு எட்டு மணிக்கெல்லாம் அறைக்குப் போய், பெட்டியில் சாயங்கால உடுப்புக்குள் சுற்றிக்கொண்டுவந்த எடைக்கருவியில் ஏறிப் பார்க்கவேண்டும். அதிலேயே குறியாக இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கருவி நூற்று முப்பத்தொன்றும் ஏழு அவுன்ஸும் காட்டியது. மாலைக்குள் தானாக இறங்கிவிடும். கண்ணாடியில் முகம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது. உதட்டைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது விட்காம் அம்மையார் போனில் வந்தார்.

"டெஸ்ஸா, நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே மேடம்."

"நடுவர் குழுவுல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு வெச்சுக்கோ. நேத்து விருந்து முடிஞ்சு அவங்க உன்னப் பத்தியே பேசிட்டிருந்தாங்களாம். உன்னோட உண்ணாவிரதம்."

"என்னோட எது?"

"இறைச்சிக் கம்பெனிக்காரர் கையாலயே குடுத்தத வேண்டாம்னியாமே. தண்ணிகூடக் குடிக்கலையாமே. நீ ஒரு வார்த்தை சொல்லாம, மத்த எல்லாருமே தட்டைக் கீழ வெச்சுட்டாங்களாம். இதத்தான் தலைமைப் பண்புன்னு சொல்றது. பதினோரு வருஷத்துல நான் இப்படிக் கேள்விப்பட்டதே இல்ல."

"மேடம், அது எடைக்காக. உங்களுக்கே தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல. ஒரு நாளும் சொல்லமாட்டேன். அவங்க கேட்டா, 'அது என் சொந்த விஷயம்'னு மட்டும் சொல்லு. மீதிய அவங்களே பாத்துப்பாங்க. நாலு வார்த்தை டெஸ்ஸா. நாலு வார்த்தைதான் உனக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் நடுவுல இருக்கு."

ஒன்பது நாற்பதுக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேஜை, எதிரே ஐந்து பேர். நடுவில் குழுத் தலைவி லோயிஸ் பெல்நாப், ஒரு காலத்தில் இதே உதவித்தொகை வாங்கியவர். அதை வாங்கியதைத் தவிர வாழ்க்கையில் அவருக்குப் பெரிதாக எதுவும் நடந்திருக்கவில்லை. அவருக்கு வலப்பக்கம் ஒழுக்கவியல் பேராசிரியர் ஒருவர். ஓரத்தில் டெவ்ரீஸ், மேஜைக்கு அடங்காத முட்டியோடு. மற்ற இருவர் தலையாட்ட வந்தவர்கள்.

டெஸ்ஸா கிணற்றைப் பற்றிச் சொல்லத் தயாராக வந்திருந்தாள். எந்த மாதம் எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பதெல்லாம் தலைகீழாகப் பாடம். பெல்நாப் அம்மையார் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை. அதன்மேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டார்.

"நேத்து மாலை நீங்க ஒரு வாய்கூடச் சாப்பிடல. நாங்க கவனிச்சோம். எங்க மனச அது ரொம்ப பாதிச்சுது. அதப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?"

பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

டெஸ்ஸாவுக்கு ஆசை வந்தது. ஆசை இல்லை என்று நான் சொன்னால் அது அவளுக்கு இழைக்கிற அநியாயம். அப்பா கேனைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்குவது கண் முன்னால் வந்தது. நாலு வார்த்தை. வாயைத் திறந்தால் விழுந்துவிடும். ஆனால் பொய்க்கும் உடம்பில் தெம்பு வேண்டும். ஒன்றைச் சொன்னால் அடுத்ததைச் சொல்லவேண்டும், முகத்தை அதற்குத் தோதாக வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாள் பட்டினியில் அவளுக்கு உண்மையைச் சொல்ல மட்டுமே சக்தி மிச்சமிருந்தது. அது போக, இதை வேறு ஏதோ என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் செய்துவருகிற ஒரே விஷயத்தை அது கேவலப்படுத்துகிற மாதிரி இருந்தது.

"எடை குறைக்கிறேன் மேடம்" என்றாள். "இன்னிக்கு சாயங்காலம் எனக்கு மல்யுத்தப் போட்டி."

பேனா மூடுகிற சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும், அவ்வளவுதானா?" என்றார் பேராசிரியர். "இதுல வேற யாரும் சம்பந்தப்படலையா? ஒரு சமூகம், ஒரு கோரிக்கை, எதிர்ப்பு, இரக்கம்?"

"இல்ல சார். நானும் எடைக்கருவியும்தான்."

"அடடா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

ஓரத்திலிருந்து டெவ்ரீஸ் முன்னால் சாய்ந்தார். நேற்று தொங்கிப்போன அவர் முகம் இன்றைக்கு நேராகியிருந்தது. "எந்தப் பிரிவும்மா?"

"நூத்தி முப்பத்தொண்ணு சார்."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஏழு அவுன்ஸ்."

"ஏழுதானா? தூங்கினாலே போயிடும். நான் பள்ளிக்கூடத்துல நூத்தி அறுபத்தேழு. ஒரு தடவை பஸ்ல நாப்பது மைலும் எச்சில் துப்பிட்டே—"

"கார்ல்" என்றார் பெல்நாப்.

டெவ்ரீஸ் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நேர்காணலுக்கு இருபத்தைந்து நிமிஷம். அதில் இருபத்தோரு நிமிஷம் பசிக்குப் போயிற்று. பசியால் அவள் மனிதர்களைப் பற்றி என்ன கற்றுக்கொண்டாள், பசித்தவர்களோடு தனக்கு ஒரு பிணைப்பு இருப்பதாக உணர்ந்தாளா, எடைக்கருவி என்பதே ஒருவிதத்தில் சமூகத்தின் தீர்ப்பு இல்லையா. அவளுக்கு இறங்கிவர அவர்கள் ஏணிமேல் ஏணியாகப் போட்டுக்கொடுத்தார்கள். ஒன்றிலும் அவள் கால் வைக்கவில்லை. கடைசி நாலு நிமிஷத்தில் பெல்நாப் விண்ணப்பத்தைப் புரட்டி, "கிணறு. ஆமா. சுருக்கமா சொல்லுங்க" என்றார்.

சுருக்கமாகச் சொன்னாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. டெவ்ரீஸ் மட்டும், எந்த மாவட்டம் என்று கேட்டார்.

முடிவு அறிவிக்கும்வரை யாரும் ஹோட்டலை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. ஆறு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மத்தியானச் சாப்பாடு வந்தது. வான்கோழி சாண்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், பெரிய பெரிய பிஸ்கட். ஒருவரும் தொடவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்த அம்மாள் இரண்டு முறை எட்டிப்பார்த்து, கெட்டுப்போயிருக்கிறதோ என்று தானே ஒன்றை மோந்து பார்த்துவிட்டுப் போனார். கால்பந்துக்காரன் வயிறு ஒரு முறை சத்தமாகக் கூப்பிட்டது. அவன் அதைத் தத்துவப் புன்னகையால் சமாளித்தான். டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூட முடியாமல் தொண்டை காய்ந்திருந்தது.

ஒன்றரை மணிக்குப் பெல்நாப் வந்து நின்று ஒரே ஒரு பெயரைச் சொன்னார். வின்ஸ்லோ தேயர்.

வென்றவர் தோற்றவர்களுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசவேண்டும், தோற்றவர்கள் நின்றுகொண்டு கேட்கவேண்டும் என்பது கல்வர்ட்டன் துரை ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம். மனுஷனுக்கு எத்தனை நல்ல மனசு பாருங்கள். வின்ஸ்லோ தலைகுனிந்து ஆரம்பித்தான். நேற்று மாலை ஒரு தட்டு தன் கைக்கு வந்தபோது, தன்னால் அதைச் சாப்பிட முடியவில்லை என்றான். உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரு குழந்தை காலியான கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருப்பது தன் மனக்கண்ணில் தெரிந்ததாம். பசி வயிற்றில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது என்றான். எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பதில்.

டெஸ்ஸாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அவன் சொன்னது அத்தனை நன்றாக இருந்தது. இரண்டு நாளாக ஒரு பருக்கை இல்லாமல் நிற்கிற அவளுக்கு, நேற்று ஆறு மணிவரை மூன்று வேளையும் மூக்குமுட்டத் தின்றவன் பசியைப் பற்றிச் சொன்னது சரியாக, வார்த்தைக்கு வார்த்தை சரியாகப் பட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் தப்புத்தப்பாக உளறியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

கைதட்டல் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, அவன் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு நான் நன்றி சொல்லணும். நேத்து நீ ஏன் சாப்பிடலைன்னு எனக்குத் தெரியாது. ஏதோ பண்றேன்னு மட்டும் புரிஞ்சுது. சரி, நம்மளும் பண்ணுவோம்னு தட்டைக் கீழ வெச்சுட்டேன்."

"அப்ப அந்தக் குழந்தை?"

"ரூமுக்குப் போய் படுத்தப்போ தோணிச்சு. கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன், தானா வந்துடுச்சு." அவன் கண்ணில் கள்ளமே இல்லை. "ஆனா இப்ப அது நிஜம். சத்தியமா. இனிமே மாசத்துல ஒரு நாள் சாப்பிடாம இருக்கப்போறேன். நீ எதுக்காக இருந்தே?"

"எடை" என்றாள்.

வின்ஸ்லோ கொஞ்ச நேரம் காத்திருந்தான், மீதியும் வரும் என்று. வரவில்லை. "சரி, அதுவும் ஒரு இது தான்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போட உள்ளே போனான்.

கல்லூரி அறுபது மைல். டெஸ்ஸா தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு. பாதி வழியில் விட்காம் அம்மையார் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆச்சரியம், அவர் குரலில் துளி வருத்தமில்லை.

"டெஸ்ஸா, நல்லா கேட்டுக்கோ. ஜனவரியில இன்னொரு உதவித்தொகைக்குக் கடைசித் தேதி. அதுல முதல் கேள்வியே, 'உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வியைப் பற்றி எழுதுங்கள்'. இத்தனை நாளா உங்கிட்ட அது ஒண்ணுதான் குறை. இப்பப் பாரு, எவ்வளவு அருமையா அமைஞ்சிருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள ஒரு பக்கம் எழுதிடு. என்ன உணர்ந்தேன்னு அப்படியே எழுது, நான் சரிபண்ணிக்கறேன்."

"அந்த உதவித்தொகையில எங்க படிக்கலாம் மேடம்?"

"அது ஒரு வருஷம், தென் அமெரிக்காவுல, பட்டகோனியாவுல. பனிப்பாறை ஆராய்ச்சி."

"அங்க கிணறு இருக்கா?"

"கிணத்த விடு. உன் தோல்வியப் பத்தி யோசி" என்றார் விட்காம்.

நாலே முக்காலுக்கு உடற்பயிற்சிக் கூடத்துப் பின்கதவு வழியாக உள்ளே போனாள். எடை பார்க்கிற அறையில் வரிசை நின்றது. எதிர் அணிப் பெண்களும் ஒட்டிப்போன கன்னத்தோடு நின்றார்கள். கோச் ப்ரூகர் ஓரத்தில் ஒரு பையை வைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அவள் கிடைக்கவில்லை என்று தலையசைத்தாள். அவர் எடைமேடையைக் கையால் காட்டினார்.

ஏறினாள். நூற்று முப்பதும் முக்காலும். நடுவராக வந்திருந்த பெண் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, எழுதிக்கொண்டு, அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

கோச் பையிலிருந்து தண்ணீர் புட்டியும், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் எடுத்துக் கொடுத்தார். தரையில் சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மூன்றாவது வாயில் அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மெல்லவும் முடியாமல் அழவும் முடியாமல், வாய் நிறைய ரொட்டியோடு, தோள் குலுங்க அழுதாள். ஜூன் மாதம் கண் முன்னால் நின்றது, அந்த மேஜை, அந்த மண் பொட்டலங்கள், அவற்றின்மேல் ஒட்டியிருக்கிற உரக் கம்பெனிச் சீட்டு. கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வாள்.

ப்ரூகர் பக்கத்தில் குந்தினார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பழகிய மனிதர். ஆனாலும் இப்படி ஒருத்தி அழுது பார்த்ததில்லை.

"என்ன, கொலாரிக்? என்னாச்சு?"

டெஸ்ஸா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் ஐந்து பெரிய மனிதர்கள் கேட்டும் கொடுக்காத ஒரு பொய்யை அவள் யோசிக்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

"பசி கோச். வேற ஒண்ணுமில்ல."

அவர் நம்பினார். பையைத் திறந்து இன்னொரு ரொட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.